ஜெராக்ஸ் கடை கணினியில் எக்ஸ்எஃப்சிஇ: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. வேலூர் காந்தி ரோட்டிலும், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்திலும் ஜெராக்ஸ், டிடிபி கடைகளில் அப்படிப்பட்ட பழைய பெட்டிகள் இன்னும் உழைக்கின்றன. 4 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்; எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் கொண்ட அதன் பதிப்பு அவற்றில் தாராளமாக ஓடும். வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கடைப் பையன் முதல் வாரத்தில் "அண்ணா, எல்லாம் போயிடுச்சு" என்று கூப்பிடுவான் பாருங்கள், அதற்குத்தான் தயாராக இருக்க வேண்டும். அப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவை பழுதே அல்ல. கைக்குப் பழக்கமில்லாத அமைப்புகள் சில, அவ்வளவுதான். முதல் நாளே மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

முதல் குற்றவாளி மவுஸ் சக்கரம். வெறும் டெஸ்க்டாப்பின் மேல் உருட்டினால் அடுத்த ஒர்க்ஸ்பேஸுக்கு, அதாவது ஜன்னல்களைத் தனியாக வைக்கும் இன்னொரு மெய்நிகர் திரைக்கு, தாவிவிடும். திறந்து வைத்திருந்த லிப்ரே ஆபீஸ், பிரவுசர் எல்லாம் ஒரே நொடியில் மறைந்துபோகும். டைட்டில் பாரின் மேல் உருட்டினால் ஜன்னல் சுருண்டு தலைப்புப் பட்டை மட்டும் மிஞ்சும். ஆல்ட் கீயை அழுத்தியபடி உருட்டினால் திரையே பெரிதாகி ஒரு மூலைதான் கண்ணில் படும். ஆல்ட்டை விடாமல் எதிர்ப்பக்கம் உருட்டினால் பழைய நிலைக்கு வரும். செட்டிங்ஸில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' திறந்து, ஒர்க்ஸ்பேசஸ், அக்சஸிபிலிட்டி ஆகிய இரண்டு டேபிலும் மவுஸ் வீல் பற்றிய டிக்கை எடுத்துவிடுங்கள். கடைக்கு ஒர்க்ஸ்பேஸ் 1 போதும். எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் ஜன்னல் தொலையவே வழியில்லை. அதுவரை, வெறும் டெஸ்க்டாப்பில் மவுஸின் நடுப்பட்டனை அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல்களின் பட்டியல் வரும்.

ஜன்னலின் ஓரம் பல தீம்களில் மிக மெல்லியது. அதைப் பிடித்து இழுக்கப் போராட வேண்டாம். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்குள் எங்காவது வலது பட்டனால் இழுத்தால் அளவு மாறும்; இடது பட்டனால் இழுத்தால் இடம் மாறும்.

அதே நடுப்பட்டனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடைசியாகத் தேர்ந்தெடுத்த எழுத்துகளை, காப்பி கொடுக்காமலேயே, அழுத்திய இடத்தில் ஒட்டிவிடும். சக்கரத்தை உருட்டும்போது விரல் கொஞ்சம் அழுந்தினால் மனுவின் நடுவில் சம்பந்தமில்லாத வரி புகுந்துவிடும். பிரிண்ட் கொடுக்கும்முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: ஒரு ஜன்னலில் காப்பி செய்து, அதை மூடிவிட்டு வேறு இடத்தில் பேஸ்ட் செய்தால் ஒன்றும் வராமல் போகலாம். காப்பி செய்த செய்தி அந்த நிரலிடமே இருப்பதுதான் காரணம். கிளிப்மேன் என்ற சிறு கருவியைப் பேனலில் (விண்டோஸ் டாஸ்க்பார் போன்ற பட்டையில்) சேர்த்தால் இது சரியாகும். ஆனால் அது காப்பி செய்தவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்கும். வாடிக்கையாளரின் ஆதார் எண்ணும் அதில் இருக்கும். வெளியேறும்போது சேமிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கூட்டம் குறைந்ததும் வரலாற்றை அழிக்கவும் பழக்குங்கள்.

தமிழ்த் தட்டச்சில்தான் அதிகக் கவனம் வேண்டும். கீபோர்டு செட்டிங்ஸில் லேஅவுட் பட்டியலில் தமிழும் இருக்கிறது என்று அதைச் சேர்த்துவிடுவார்கள். அது ஒரு கீக்கு ஓர் எழுத்து மட்டும் தரும். முன்னால் என்ன அடித்தோம் என்று அதற்குத் தெரியாது. தமிழ்99 விசைப்பலகை முறையின் சிறப்பே தானாக விழும் புள்ளிதான். 'அம்மா' என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ என நான்கு தட்டல் போதும். இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி வந்துவிட வேண்டும். இதற்கு ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரலும், பல மொழி விசைப்பலகைகளை அதற்குத் தரும் ஐபஸ்-எம்17என் தொகுப்பும் தேவை. மின்ட்டின் 'இன்புட் மெத்தட்' கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து மீண்டும் நுழைந்த பிறகே அது எல்லா நிரல்களிலும் வேலை செய்யும். இந்த லாக்அவுட்டைத் தவறவிட்டு "லிப்ரே ஆபீஸில் மட்டும் தமிழ் வரலை" என்பவர்கள் ஏராளம். சிஎம்சிக்கு எதிரே உள்ள கடைகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மேற்கு வங்கத்திலிருந்து வரும் நோயாளிகளின் உறவினர்கள் வங்காளத்தில் ஏதாவது அடித்துத் தரச் சொன்னால், அதே எம்17என்னில் வங்காளமும் இந்தியும் இருக்கின்றன. சூப்பர் கீயும் (விண்டோஸ் சின்னம் உள்ள கீ) ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளலாம். நோட்டோ எழுத்துருக்கள் மூன்று மொழிக்கும் போதும்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் மட்டும் வேறு கதை. எழுத்துருவை நிறுவினால் பார்க்கலாம். ஆனால் அவற்றுக்கான தட்டச்சுக் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸுக்கானவை. அந்த வேலை அதிகமுள்ள கடை ஒரு பெட்டியை விண்டோஸிலேயே, நெட் இணைப்பில்லாமல் வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை.

பென்டிரைவ் விஷயத்தில் கறாராக இருங்கள். துனார் கோப்பு மேலாளரில் காப்பி முடிந்ததாகக் காட்டிய பிறகும் ஒரு பகுதி ராமிலேயே காத்திருக்கலாம். உடனே பிடுங்கினால் கோப்பு அரைகுறையாகும். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்ற அறிவிப்பு வரும்வரை வாடிக்கையாளரை நிறுத்தி வையுங்கள்.

இவ்வளவும் பழகியபின் கிடைக்கும் பெரிய நன்மை, எக்ஸ்எஃப்சிஇ மாறாமல் இருப்பது. எக்ஸ்எஃப்சிஇ 4.14 வந்தது 2019 ஆகஸ்டில், 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில். ஒவ்வொன்றிலும் மெனுவும் பேனலும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆள் மாறும் கடைக்கு இதைவிட உதவி வேறில்லை.

பேனலைக் கைதவறி இழுத்துப்போடுவது மட்டும் நிற்காது. பேனல் அமைப்பில் 'லாக் பேனல்' டிக் போடுங்கள். பிறகு 'பேனல் புரொஃபைல்ஸ்' கருவியில் அமைப்பைச் சேமித்து, கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் வையுங்கள்; அடுத்த பெட்டிக்கும் அதையே ஏற்றலாம். பேனலே காணாமல் போனாலும், டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்தால் வரும் அப்ளிகேஷன்ஸ் மெனு வழியாக அந்தக் கருவியைத் திறந்து மீட்டுவிடலாம்.