முதியவரின் களைப்பை எண்ணாகக் காட்டும் ஸ்மார்ட் பேண்ட்

உடலில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்பதை 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாகக் காட்டும், மணிக்கட்டில் அணியும் ஸ்மார்ட் பேண்ட் ஒன்றை, எழுபதைக் கடந்த என் தந்தைக்காக வாங்கினோம். எடை குறைவு, சார்ஜ் பல நாள் நிற்கிறது, திரையில் எழுத்துதான் சிறியது. ஆனால் பணம் கொடுத்தது அந்த எண்ணுக்காகத்தான் என்பதால், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

இதயத்துடிப்பின் வேகம், துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாடு, உறக்கம், அசைவு ஆகியவற்றைக் கொண்டு பேண்ட் அந்த எண்ணைக் கணக்கிடுகிறது. என் தந்தை இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் பீட்டா பிளாக்கர் மாத்திரையோ, உடல் எவ்வளவு உழைத்தாலும் துடிப்பை அதிகம் ஏறவிடாது. மாடிப்படியின் பாதியில் கைப்பிடியைப் பற்றியபடி அவர் மூச்சு வாங்கி நின்றபோதும், அவர் உழைக்கவேயில்லை என்று முடிவுகட்டிய பேண்ட் 78 என்று காட்டியது. துடிப்பு சீரற்றிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் குழம்பும். இத்தகைய மாத்திரை உட்கொள்பவர்களிடம் மருத்துவர்கள் துடிப்பை மட்டும் நம்பாமல், சிரமத்தை 6 முதல் 20 வரையிலான எண்ணால் குறிக்கும் போர்க் அளவுகோலைச் சொல்லி, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்பதுண்டு. செலவில்லாத அந்தக் கேள்விக்குச் செயலியில் இடமே இல்லை.

வயதாகும்போது தசைகளில் வேகமாகச் சுருங்கும் இழைகளே அதிகம் மெலிகின்றன. அதனால் ஒரு பொருளை அசையாமல் பிடித்திருப்பது போன்ற வேலையில் முதியவர்கள் இளைஞர்களைவிடச் சீக்கிரம் களைப்பதில்லை. சில சமயம் கூடுதலாகவே தாங்குகிறார்கள். விரைந்து எழுவது, படியேறுவது போன்ற வேகமான, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளில்தான் அவர்களின் ஆற்றல் மளமளவென்று சரிகிறது. நாள் முழுவதையும் கூட்டிக் கழித்துச் சொல்லும் ஓர் எண்ணில் இந்தச் சரிவு தெரியாது. கைகளைப் பயன்படுத்தாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை எழ முடிகிறது என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதைக் காலையிலும் மாலையிலும் செய்து பார்த்தபோது, கடைசி இரண்டு முறை எழுந்தபோது அவர் கை தானாகத் தொடையை அழுத்தியது, பேண்ட் சொல்லாத பலவற்றைச் சொன்னது.

மனக்களைப்பு விஷயத்தில் பேண்ட் தலைகீழாகவே நடந்துகொள்கிறது. காப்பீட்டுப் படிவங்களோடு அவர் நெடுநேரம் மல்லுக்கட்டிய ஒரு நாளில், அசையாமல் உட்கார்ந்திருந்ததை ஓய்வு என்று கணக்கிட்டு, தெம்பு கூடியிருப்பதாகக் காட்டியது. அவரோ அதன்பின் நடந்தபோது, நான் ஏதாவது கேட்டால் நின்றுதான் பதில் சொன்னார். பேசும்போது நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 1997-இலேயே எழுதியிருக்கிறார்கள். மூளை களைத்திருக்கும்போது காலுக்குக் கொடுக்கும் கவனமும் குறைகிறது. ஆக, எச்சரிக்கை மிகவும் தேவைப்பட்ட வேளையில்தான் அந்த எண் தைரியம் சொன்னது.

அடி எண்ணிக்கையும் அரைகுறைதான். மெல்ல நடப்பவர்களின் அடிகளையும், வாக்கரைப் பிடித்திருப்பதால் கை வீசாதவர்களின் அடிகளையும் மணிக்கட்டுக் கருவி கோட்டைவிடும்.

உருப்படியாகப் பயன்பட்டது இரவுப் பதிவு. விழித்தபடி அசையாமல் படுத்திருப்பதையும் உறக்கம் என்றே அது எழுதிக்கொள்ளும் என்றாலும், படுக்கையை விட்டு எழுந்த வேளைகளைச் சரியாகவே காட்டியது. அதைப் பார்த்த மருத்துவர், தந்தை மாலையில் உட்கொண்டிருந்த சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். பகல் அசதி ஓரளவு குறைந்தது. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, இதய பலவீனம், மனச்சோர்வு எனத் தொடர் களைப்புக்குப் பின்னால் இருக்கக்கூடியவை பல. 2001-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் முதுமைத் தளர்ச்சிக்கு வகுத்த ஐந்து அடையாளங்களிலும் களைப்பு ஒன்று. ஆகவே திரையில் எண் உயர்ந்திருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுப்பேன், அதுவும் இரவுப் பதிவுக்காக. வயது, உயரம், எடை கேட்கும் செயலி, என்ன மாத்திரை உட்கொள்கிறீர்கள் என்றும் ஒரு வரி கேட்க வேண்டும். அதுவரை முதியவர்களுக்கு அந்த எண்ணை முகப்புத் திரையிலிருந்து நீக்கிவைக்கும் வசதியையாவது நிறுவனம் தரலாம்.