பேரியம் டைட்டனேட்டுக்குள் எட்டிப் பார்க்க: எக்ஸ்ரேயா, நியூட்ரானா?

அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் ஏ.வி. பாலத்தில் நின்று பார்த்தால், வைகை நிறையத் தலைகள் சீராகப் பரவியிருப்பதாகத் தோன்றும். கீழே இறங்கினால்தான், ஒவ்வொரு குடும்பமும் கைகோத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரியும்.

மின்தேக்கிகளில் பயன்படும், பேரியமும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகமான பேரியம் டைட்டனேட்டும் அப்படித்தான். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் சராசரி அமைப்பு கனசதுரம், டைட்டானியம் நட்டநடுவில். உண்மையில் ஒவ்வொரு டைட்டானியமும் எட்டு மூலைகளில் ஏதோ ஒன்றை நோக்கி விலகியிருக்கிறது. அடுத்தடுத்த அணுக்கள் சங்கிலிபோல ஒரே பக்கம் விலகுகின்றன. 1968-இல் கோம்ஸ், லாம்பெர்ட், கினியே மூவரும் எக்ஸ்ரே படத்தில் விழுந்த மங்கலான கோடுகளை வைத்தே இதைச் சொன்னார்கள். ஆகவே எக்ஸ்ரேயைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது.

மதுரையில் எங்கள் ஆய்வகத்தில் இருப்பது செம்புக் குழாய் எக்ஸ்ரே கருவி. கல்வத்தில் அரைத்த ஒரு சிட்டிகைப் பொடி போதும். மதியத்துக்குள் கோடுகள் வந்துவிடும். ஆனால் அதன் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). அதை வைத்து 0.4 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துப் பார்க்க முடியாது. விலகிய டைட்டானியத்துக்குப் பக்கத்து ஆக்சிஜன்களில் மூன்று ஏறக்குறைய 1.9 ஆங்ஸ்ட்ராமிலும் மூன்று 2.1-ஐ ஒட்டியும் இருக்கின்றன. நாம் தேடும் சேதியே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இந்தூரின் இன்டஸ்-2 போன்ற சிங்க்ரோட்ரானுக்கு, அதாவது எலக்ட்ரான்களை வட்டமாகச் சுழற்றி வலுவான எக்ஸ்ரே எடுக்கும் கூடத்துக்குப் போனால் குறைந்த அலைநீளம் கிடைக்கும். ஆனாலும் எக்ஸ்ரே எலக்ட்ரான்களைத்தான் பார்க்கிறது. பேரியத்தில் 56, டைட்டானியத்தில் 22, ஆக்சிஜனில் 8. பேரியம்-பேரியம் ஜோடியின் குரலுக்கு முன் டைட்டானியம்-ஆக்சிஜன் ஜோடியின் குரல் பதினெட்டில் ஒரு பங்குதான்.

நியூட்ரான் அணுக்கருவைப் பார்க்கிறது. அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்று சொல்லும் ‘சிதறல் நீள’க் கணக்கில் பேரியம் 5.07, ஆக்சிஜன் 5.80 ஃபெம்டோமீட்டர், கிட்டத்தட்ட சமம். டைட்டானியமோ மைனஸ் 3.44! அணுக்களின் இடைத்தூர வரைபடத்தில் டைட்டானியம் வேறு வகை அணுவோடு சேரும் ஜோடிகள் மட்டும் கீழ்நோக்கி விழும், மற்றவை மேலே எழும்பும்; அதில் பக்கத்து டைட்டானியம்-ஆக்சிஜன் ஜோடி இரண்டு பள்ளங்களாகத் தெரியும். முதன்முறை அந்த இரட்டைப் பள்ளத்தைப் பார்த்தபோது மேசையைவிட்டு எழுந்துவிட்டேன்.

இன்னொரு பலமும் உண்டு. வெப்ப நியூட்ரானின் ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான்வோல்ட். படிக அதிர்வுகளின் ஆற்றலும் அதே அளவில்தான். ஆகவே உறைந்த விலகல் எது, வெறும் அதிர்வு எது என்று பிரித்துவிடலாம். ஈய மெக்னீசியம் நையோபேட் போன்ற ரிலாக்ஸர்களில் (அணு விலகல்கள் சிறுசிறு திட்டுகளாக மட்டும் ஒருமித்திருக்கும் பொருள்கள்) இதுதான் முக்கியமான கேள்வி.

விலை பொறுமை. சிட்டிகை போதாது, கிராம் கணக்கில் பொடி வேண்டும். அதை வனேடியக் குப்பியில் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். வனேடியம் தன் கோடுகளைக் கலக்காது. பிறகு ட்ராம்பேயில் 1985 முதல் இயங்கும் 100 மெகாவாட் துருவா அணு உலையிலோ, இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் பிரிட்டனின் ஐசிஸ் நியூட்ரான் மையத்திலோ நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆக்சிஜன் எங்கே என்பதுதான் கேள்வி என்றால் காத்திருங்கள் என்பேன். பொடியில் சமாரியமோ கடோலினியமோ கலந்திருந்தால் மட்டும் வேண்டாம்; அவை நியூட்ரானை விழுங்கிவிடும். அதற்கு இந்தூருக்கே ரயில் ஏறலாம்.