மொத்த மார்க்கா, இடத்துக்குப் புள்ளியா?

சர்ஜாபூர் சாலைப் பக்கம் எங்கள் அடுக்ககத்தில் ஆறு பிளாக். பொங்கலுக்குத் தமிழ்க் குடும்பங்கள் பிளாக் வாரியாகக் கோலம், பாட்டு, குழு நடனம், பட்டிமன்றம் என்று மோதிக்கொள்கிறோம். கோப்பை என்னவோ எண்ணூறு ரூபாய் பெறும். தகராறு மட்டும் ஒலிம்பிக் தரம். எல்லா மார்க்கையும் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்வதா, ஒவ்வொரு போட்டியிலும் பிடித்த இடத்துக்குப் புள்ளி கொடுப்பதா என்பதுதான் வழக்கு. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடுவதும் குதிப்பதும்) பார்க்கிற சிலரில் நானும் ஒருவன் என்பதால், அந்த ஆட்டத்தின் அணிப் போட்டி விதிகளை வைத்தே இதை அலசிவிடுகிறேன்.

ஒலிம்பிக் அணிப் போட்டி 2014இல் சோச்சியில் வந்தது. பத்து நாடுகள்; ஆண்கள், பெண்கள், ஜோடி (தூக்கலும் வீச்சும் உண்டு), ஐஸ் டான்ஸ் (இதுவும் இருவர்தான், ஆனால் நடனமே பிரதானம்) என நான்கு பிரிவுகள். முதல் சுற்றில் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 10 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. முதல் ஐந்து அணிகள் மட்டும் ஃப்ரீ ஸ்கேட் என்கிற இரண்டாவது, நீளமான சுற்றுக்குப் போகும். அங்கே 10 முதல் 6 வரை புள்ளி. முதல் சுற்றில் சேர்த்ததும் கூடவே வரும்.

இதில் என்ன வில்லங்கம் என்பதற்கு 2022 பெய்ஜிங்கின் பெண்கள் ஃப்ரீ ஸ்கேட் ஒன்றே போதும். ரஷ்யாவின் வாலியேவா 178.92 வாங்கினார். இரண்டாவதாக வந்த ஜப்பானின் சகாமோட்டோ 148.66. முப்பது மார்க்குக்கு மேல் இடைவெளி, ஆனால் அணிக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி. அதே சுற்றில் கனடாவின் ஷிஸாஸ் 132.04, அமெரிக்காவின் கேரன் சென் 131.52. அரை மார்க் வித்தியாசம், அதற்கும் ஒரு புள்ளிதான். "அடிச்சுத் தூக்கி ஜெயிச்சாலும் ஒண்ணு, முக்கி முனகி ஜெயிச்சாலும் ஒண்ணா? இது என்னப்பா நியாயம்?" என்று சி பிளாக் மாமி கேட்டதில் தப்பே இல்லை. அவர்கள் நடனத்தில் எப்போதும் அடித்துத் தூக்குகிறவர்கள்.

சரி, அப்போ மார்க்கை அப்படியே கூட்டிவிடலாமே? அங்கேதான் சிக்கல். பெய்ஜிங் அணிப் போட்டியின் முதல் சுற்றில் ஆண்கள் பிரிவில் அமெரிக்காவின் நேதன் சென் 111.71 எடுத்தார். ஐஸ் டான்ஸில் அதே சுற்றுக்குத் தொண்ணூறு வந்தாலே பெரிய விஷயம். குதித்துக் காற்றிலேயே நான்கு முறை சுழல்கிறவர்கள் ஆண்கள் பிரிவில்தான் அதிகம். ஒன்று விழுந்தால் மார்க் சரிகிறது, நின்றால் ஏறுகிறது. அப்படியே கூட்டினால் யாருடைய மார்க் அதிகம் ஏறி இறங்குகிறதோ அந்தப் பிரிவே கோப்பையைத் தீர்மானிக்கும், மற்ற பிரிவுகள் ஒப்புக்குத்தான். எங்கள் கதையும் இதுவேதான். கோலத்துக்கு வருகிற நடுவர்கள் மனசு நோகக் கூடாது என்று எல்லாருக்கும் ஏழோ எட்டோ போட்டுவிட்டுப் போகிறார்கள். நடன நடுவர் மூன்றும் போடுவார், பத்தும் போடுவார். கூட்டிப் பார்த்தால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இருபத்தோரு புள்ளிக் கோலம் போட்டவர்கள் உழைப்பு எங்கே போனதென்றே தெரியாது. ஆகவே என் ஓட்டு இடப்புள்ளிக்கு.

ஆனால் ஒலிம்பிக் பாணி இடப்புள்ளி வேண்டாம். உலக அணிக் கோப்பை என்று இன்னொன்று இருக்கிறது. 2009 முதல் ஜப்பானில் நடக்கிறது. ஆறே நாடுகள். ஆண்களில் இருவர், பெண்களில் இருவர், ஒரு ஜோடி, ஒரு ஐஸ் டான்ஸ் இணை. தனிநபர் பிரிவுகளில் 12 முதல் 1 வரை புள்ளி. ஜோடியிலும் ஐஸ் டான்ஸிலும் 12 முதல் 7 வரை. நடுவழியில் யாரையும் வெளியேற்றுவதில்லை. ஒரே நட்சத்திரத்தை வைத்து ஒப்பேற்றவும் முடியாது, இரண்டாவது ஆளும் தேற வேண்டும். குறை உண்டு: ஜோடியில் கடைசியாக வந்தாலும் 7 கிடைப்பதால், நல்ல ஜோடி இல்லாத நாட்டுக்கு அடி அவ்வளவாக விழாது. எங்களுக்கு அது பொருட்டில்லை. ஆறு பிளாக், யாரும் பாதியில் வீட்டுக்குப் போக வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி.

நடுவர் விஷயத்தில் எனக்கு ஒரு முரண் வேடிக்கையாகப் படுகிறது. உச்ச மார்க் 6.0 என்றிருந்த பழைய முறையில் ஒவ்வொரு நடுவரும் யாரை எத்தனையாவது இடத்தில் வைத்தார் என்பதே முடிவைத் தீர்மானித்தது. 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவின் தங்கம் ஒன்பது நடுவரில் 5க்கு 4 என்று ரஷ்யாவுக்குப் போனது. பிரெஞ்சு நடுவருக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டதாகக் கிளம்பிய புகாரில் கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள். ஒரு ஆள் சாய்ந்தாலே போதும் என்ற அந்த முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஒவ்வொரு அசைவுக்கும் மார்க், ஒன்பது பேரில் உச்ச மார்க்கையும் அடிமட்ட மார்க்கையும் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி என்று மாற்றினார்கள். அப்புறம் பத்து வருஷத்தில், ஒலிம்பிக் அணிப் போட்டிக்கு அதே இடக் கணக்கை வாசல் வழியாகவே உள்ளே அழைத்து வந்தார்கள்! இன்னொன்று, யார் என்ன மார்க் போட்டார் என்பதையும் மறைத்து வைத்திருந்தார்கள், நடுவர்மேல் அழுத்தம் வராதாம். 2016இல்தான் அந்தத் திரையை விலக்கினார்கள். மறைத்தால் பக்கச் சாய்வு குறையும் என்று நான் நம்பவில்லை. கேள்வி கேட்க வழியில்லாமல் போகும், அவ்வளவுதான். எங்கள் மார்க் ஷீட்டும் நடுவர் பெயரோடு நோட்டீஸ் போர்டுக்கு வரட்டும். மூன்றே நடுவர் இருக்கும்போது மேலேயும் கீழேயும் வெட்டினால் மிஞ்சுவது ஒரே மார்க். ஆகவே ஐந்து பேராவது வேண்டும்.

கடைசியாக, யாரும் யோசிக்காத விதி. வாலியேவா ஊக்கமருந்து வழக்கில் 2024 ஜனவரியில் தகுதி இழந்தார். அணியின் 74 புள்ளியில் அவருடைய 20ஐக் கழித்தார்கள், ரஷ்யாவுக்கு 54, வெண்கலம். கனடாவிடம் 53, நான்காவது இடம். இரண்டு சுற்றிலும் ஷிஸாஸ் மூன்றாவது. வாலியேவா காலி செய்த இடத்துக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு படி ஏறியிருந்தால் கனடா 55 ஆகி வெண்கலம் வாங்கியிருக்கும். ஏற்றவில்லை. கனடா மேல்முறையீடு செய்து தோற்றது. மருந்தெல்லாம் நம் பொங்கலில் கிடையாது. ஆனால் கோலத்துக்கு வெளியாளை இறக்கிய கதை உண்டு. அப்படிப் பிடிபட்டால் அந்த பிளாக்கின் புள்ளியைக் கழிப்பதோடு, கீழே இருப்பவர்களை ஒரு படி ஏற்ற வேண்டும் என்பது என் கட்சி. மார்கழி முடிவதற்குள் குழுவில் ஓட்டெடுப்பு வைத்து, விதித்தாளில் முதல் வரியாகவே எழுதிவிடலாம்.