செவ்வளைய நோய்: வெட்டுவதா, நின்றபடியே கொல்வதா, பொறி வைப்பதா?

டிரினிடாட், பிரேசில், கோஸ்டாரிகா பக்கம் தென்னையையும் எண்ணெய்ப்பனையையும் சாகடிக்கும் செவ்வளைய நோய்க்குக் காரணம் 1 மி.மீ. நீள நூற்புழு ஒன்று. பெயர் பர்சாஃபெலென்கஸ் கோகோஃபிலஸ். இந்தியாவில் இது இல்லை. அந்த நாடுகளில் இதைச் சுமந்து பரப்பும் கூன்வண்டு, நம் தோப்புச் சிவப்புக் கூன்வண்டின் பங்காளி. பெண் வண்டு மட்டை அடியில் முட்டையிடும்போது நூற்புழுவும் மரத்துக்குள் இறங்கிவிடும். குரும்பை கொட்டி, அடிமட்டை மஞ்சளித்த தென்னையைக் குறுக்கே அறுத்தால், பட்டையிலிருந்து சில செ.மீ. உள்ளே 2 முதல் 4 செ.மீ. அகலத்தில் செங்கல் நிற வளையம் தெரியும். நடுத்தண்டு வெளிறியே இருக்கும்.

வேரில் மருந்து கட்டினால் தீராதா என்று கேட்பார்கள். தீராது. வளையப் பகுதியில் நீர்க்குழாய்கள் அடைபட்டுவிடுவதால் மருந்து மேலே ஏறாது. மரம் போனது போனதுதான். பக்கத்து மரத்தைக் காப்பதில்தான் இந்த மூன்று வழிகளுக்கும் போட்டி.

வெட்டி எரிப்பது பழைய வழி. ஆனால் பச்சைத் தென்னந்தண்டு லேசில் எரியாது. வெட்டிப் போட்ட தண்டின் புளித்த வாடைக்கே வண்டுகள் வந்து முட்டையிடும். துண்டு போட்டுப் பூச்சிமருந்து தெளிக்காவிட்டால், வெட்டாமல் விட்டதைவிடக் கேடு.

நின்றபடியே கொல்வதில் அந்தத் தொல்லை குறைவு. முதலில் மரத்துக்குப் பூச்சிமருந்து தெளித்து, பிறகு தண்டில் துளையிட்டு, 48.3% எம்.எஸ்.எம்.ஏ. களைக்கொல்லி 100 முதல் 150 மி.லி. செலுத்துவார்கள். இது ஆர்செனிக் சேர்மம். அந்தந்த நாட்டில் அனுமதி இருந்தால் மட்டுமே தொடலாம். பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். மரம் செத்ததா, உள்ளே வண்டுப்புழு இருக்கிறதா என்று அறுத்துப் பார்க்க வேண்டும். புழு மண்டியிருந்தால் துண்டுகளுக்கும் மருந்து.

பொறி என்பது வாளியில் வண்டை வாடையால் இழுக்கும் ரிங்கோஃபோரால் கவர்ச்சிப்பொருளும், பூச்சிமருந்தில் நனைத்த கரும்புத்துண்டும். கோஸ்டாரிகாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 5 ஹெக்டேருக்கு ஒன்று வைத்தே நோய் நன்றாக இறங்கியது. கரும்பு காய்ந்துவிட்டால் பொறி பேருக்குத்தான் தொங்கும். இளங்கன்றுக்குப் பக்கத்தில் வைத்தால், வாளிக்கு வந்த வண்டு கன்றில் உட்காரும். நோய்மரத்தை நிற்க விட்டுப் பொறியை மட்டும் நம்பினாலும் வீண். அந்த மரமே அதைவிடப் பெரிய பொறி.

காசு ஒன்றுக்குத்தான் உண்டென்றால் நோய்மரத்தை ஒழிப்பதில் போடுங்கள். 3 முதல் 10 வயது மரம் அதிகமுள்ள தோப்பில் பொறியையும் தள்ளிப்போட வேண்டாம். இந்த நோய் குறிவைப்பது பெரும்பாலும் அந்த வயதைத்தான்.