டவுன்பைப் மாற்றப் போகிறீர்களா? கழற்றிய பழையதை முதலில் கையில் வாங்குங்கள்

கோவையில், வண்டியின் வேகத்தைக் கூட்டித் தருகிற ஒரு பர்ஃபாமன்ஸ் கராஜில் நான் ஏமாந்த கதை இது. பெயரைப் போடவில்லை. பணம் இன்னும் கொஞ்சம் வரவேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வித்தையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது இன்னொரு காரணம். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் யோக்கியர்கள் என்று ஆகிவிடும்.

வண்டி 2016 ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் என்ஜின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 180 குதிரைத்திறன். "இது போதாதா?" என்று மனைவி கேட்டாள். போதும்தான். ஆனால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ட்ராக் நாளுக்குப் போய்வந்ததும் புத்தி கெட்டுவிட்டது. நேர்கோட்டில் ஒரு போலோ என்னைச் சாவகாசமாகத் தாண்டிப் போனது. இறங்கியதும் அந்தப் பையனிடம் கேட்டேன். "டவுன்பைப் மாத்தி மேப் போட்டிருக்கேனுங்ணா" என்றான். அன்றே விதை விழுந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மேப் போடுவது என்றால் என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது. டர்போ என்பது புகையின் வேகத்தில் டர்பைன் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற கருவி, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். டர்போவை விட்டுப் புகை வெளியேறும் முதல் குழாய்தான் டவுன்பைப். இந்த வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், மெக்கானிக் பாஷையில் கேட்-கான் அல்லது வெறும் கேட், அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்துளைகள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அங்கேதான் சுத்தம் செய்கிறது. கம்பெனி கேட்-கானில் சதுர அங்குலத்துக்கு 400, 600 துளைகள் என்று நெருக்கமாக இருக்கும். டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறைந்தால் டர்பைன் சீக்கிரம் சுழலும், பூஸ்ட் சீக்கிரம் வரும். ஸ்போர்ட்ஸ் கேட் என்பது அதே வேலையை மெல்லிய உலோகத் தகட்டில், 200 துளைகளில் செய்வது. சுத்தம் கொஞ்சம் குறையும், மூச்சு கொஞ்சம் அதிகம்.

கேட்டே இல்லாத வெறும் குழாய் எனக்கு வேண்டாம். இதில் ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தேன். அம்மாவை அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். சிக்னலில் பின்னால் நிற்கிற டூவீலர்காரர் முகத்தில் அந்தப் புகையை ஊதவும் மனமில்லை. வெறும் குழாய் என்றால் 45,000, கேட் வைத்தது 1,10,000 என்றார் கராஜ்காரர். அந்த 65,000 ரூபாய் வித்தியாசம் முழுவதும் கேட்டுக்காகக் கொடுத்தது. வராமல் போனதும் அதுதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓடுகிற வண்டியில் இதைச் செய்வதே நம் ஊரில் சட்டச் சிக்கல். கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு எதிராக மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது. காற்று மாசு விதியை மீறினால் 190(2)இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. தெரிந்துதான் செய்தேன். அது எனக்கும் தெரியும் என்பது கராஜ்காரருக்கும் தெரியும். அவருடைய தைரியமே அதுதான்.

பொருளை முதலில் காட்டினார். 76 மில்லிமீட்டர் குழாய், கண்ணாடி மாதிரி பாலிஷ், நடுவில் புடைத்த கேட் டப்பா. அதன்மேல் ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர் லேசரில் பொறித்திருந்தது, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்து முத்திரை. "304 ஸ்டீலுங்ணா, பாருங்க" என்று காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. நான் மயங்கினேன்.

அந்த இடத்தில் நான் பார்க்கத் தவறியவை இரண்டு. வட்டத்துக்குள் ஈ எழுத்துக்குப் பக்கத்தில் எண்ணே இல்லை. ஐரோப்பிய அங்கீகார முத்திரையில் அனுமதி கொடுத்த நாட்டின் எண் இருந்தே தீரும், ஜெர்மனிக்கு 1. கூடவே அனுமதி எண்ணும் இருக்கும். எண்ணில்லாத ஈ வெறும் அலங்காரம். அடுத்தது காந்தம். 304இல் காந்தம் ஒட்டாது, சரி. விலை மலிவான 201 ஸ்டீலிலும் ஒட்டாது! நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்கிற சரக்கு அது, சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டீல் வியாபாரிகள் ஒரு சொட்டு டெஸ்ட் திரவம் விட்டு, நிறத்தைப் பார்த்து இரண்டையும் பிரிப்பார்கள். காந்தத்தை மட்டும் காட்டுகிறவரிடம் அந்தத் திரவத்தைக் கேளுங்கள். முகம் மாறும்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. வண்டி பிய்த்துக்கொண்டு போனது. அதில் பொய் இல்லை. மேப் போட்டால் எந்த டர்போ வண்டியும் அப்படித்தான் போகும். முன்பு, பின்பு என்று இரண்டு டைனோ தாள், அதாவது வண்டியின் சக்தியை அளந்த அறிக்கை, கொடுத்தார்கள். இரண்டும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு கணக்குத் திருத்தத்தில் எடுத்தவை என்று படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் பிறகு சொன்னார். போகட்டும், அது சின்ன விஷயம். இந்த வண்டியின் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை, 250 நியூட்டன் மீட்டர் சுழல்விசைதான் அதன் வரம்பு, கம்பெனியே அந்த விளிம்பில்தான் கொடுத்திருக்கிறது. மேப் போட்டால் அதைத் தாண்டும். இந்தப் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை. அது சின்ன விஷயமில்லை. கிளட்ச் இன்னும் பிழைத்திருப்பது என் அதிர்ஷ்டம்.

முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0420. கேட்-கான் தன் வேலையைப் போதுமான அளவு செய்யவில்லை என்று அர்த்தம். போன் போட்டேன்.

"ஸ்போர்ட்ஸ் கேட்னா அது வரத்தானுங்ணா செய்யும். மேப்ல ஆஃப் பண்ணிடலாம், அஞ்சு நிமிசம்."

இந்தப் பதிலின் அழகே அதில் பாதி உண்மை என்பதுதான். 200 துளைக் கேட் நிஜமாகவே பல வண்டிகளில் பி0420 கொண்டுவரும். நான் முன்பே படித்திருந்தேன், அதனால் சந்தேகப்படவில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்தவனை ஏமாற்றுவது ஒன்றுமே தெரியாதவனை ஏமாற்றுவதைவிட எளிது போலிருக்கிறது. போனேன், லேப்டாப்பைச் சொருகினார்கள், விளக்கு அணைந்தது. உண்மையைச் சொல்ல வண்டியில் இருந்த முதல் சாட்சியை அப்போது வாயடைத்துவிட்டார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் வாசனை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் போர்டிகோ முழுக்கப் பச்சைப் பெட்ரோல் நெடி. ஆரம்பத்தில் எந்தக் கேட்டும் சூடேறும்வரை வேலை செய்யாது, 250, 300 டிகிரி வரவேண்டும், எனவே சமாதானம் செய்துகொண்டேன். அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்தாலும் நெடி அடித்தது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசியில் பத்தாவதிலேயே அம்மா கண்ணாடியை ஏற்றச் சொன்னார். இருபதாவதில் இறக்கச் சொன்னார். வழக்கமாக அம்மாவுக்கு மலைப்பாதையில் தலை சுற்றும் என்று அதையும் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியில் புகைச் சான்றிதழ் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் குட்டு உடைந்தது. பெட்ரோல் பங்க் ஓரத்து வேன். அந்தப் பையன் குழாயைச் சொருகிவிட்டு ஸ்கிரீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தான். என் வண்டி பிஎஸ்4 மாசு விதிக்கு உட்பட்டது. ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். வந்தது 1.1.

"சார், வண்டில கேட்-கான் இருக்குதுங்களா?"

"இருக்குப்பா. ஜெர்மன்."

"இல்லீங்க சார்" என்றான் அமைதியாக. மெஷின் சொல்வதை அவன் சொன்னான், அவ்வளவுதான்.

பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். டர்போ, மேப் எல்லாம் பேசமாட்டார். அவரிடம் போனேன். முதலில் ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டி, கேட்டுக்குப் பின்னால் புகையில் ஆக்சிஜனை அளக்கிற லாம்டா சென்சாரின் வோல்டேஜை ஓட்டிக்கொண்டே பார்க்கச் சொன்னார். கேட் வேலை செய்தால், ஒரே வேகத்தில் போகும்போது அது 0.6, 0.7 வோல்ட் பக்கம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். என்னுடையது 0.1க்கும் 0.8க்கும் நடுவில் குதித்துக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை விளக்கை மேப்பில் அணைத்துவிட்டாலும் இந்த எண்ணை அவர்கள் மறைக்கவில்லை. இதை நான் முதல் வாரமே என் போனிலேயே பார்த்திருக்கலாம்.

பிறகு அந்தச் சென்சாரைக் கழற்றி, ஓட்டை வழியாக ஒரு கேமரா வயரை விட்டார். ஸ்கிரீனில் பளபளவென்று தகடு தெரிந்தது. "இதுல பூச்சே இல்லையே தம்பி" என்றார். நிஜமான கேட்டில் தகட்டின் மேல் மங்கலான, மண் நிறப் பூச்சு இருக்கும்; விலையுயர்ந்த உலோகம் அந்தப் பூச்சில்தான் ஒட்டியிருக்கும். இது புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது.

டவுன்பைப்பைக் கழற்றி, டப்பாவை கிரைண்டரால் அறுத்தோம். ஒரு சாண் நீளமுள்ள அந்த டப்பாவுக்குள் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நெளிவுத் தகட்டுச் சுருள். மீதி காலி. ஸ்கேலை வைத்து எண்ணினோம்: ஒரு அங்குலத்தில் ஏழு துளை. 200 துளைக் கேட் என்றால் அங்குலத்துக்குப் பதினான்கு இருக்கவேண்டும். பதினான்கைப் பதினான்கால் பெருக்கினால் 196. என்னுடையது ஏழேழு நாற்பத்தொன்பது. வாங்கும்போதே குழாயின் வாயில் டார்ச் அடித்து, ஒரு ஸ்கேலை வைத்து எண்ணுகிற வேலை இது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பூச்சின் நிறத்தைப் பாருங்கள். வெறும் தகட்டை எவ்வளவு நெருக்கமாகச் சுருட்டினாலும் அது வெறும் தகடுதான்.

வெல்டிங்கும் உள்ளே கேவலம். வெளியே ஆர்கான் வெல்டிங் அழகாகத் தெரிந்தது. குழாயின் உள்பக்கம் ஆர்கான் கேஸைச் செலுத்தாமலே அடித்திருக்கிறார்கள். கருகி, சர்க்கரைப் பாகு உறைந்தமாதிரி மொட்டு மொட்டாக நின்றது. வெப்பக் கவசத் தகட்டைத் திரும்ப மாட்டாததால் பக்கத்தில் இருந்த ஆக்ஸில் ரப்பர் பூட் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் ஒரு பக்கம்.

"சரி தம்பி, கழட்டுன பழசு எங்க?" என்று கேட்டார் அவர்.

அதுவரை அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வண்டியை எடுக்கிற அன்று கேட்டதற்கு, "அந்தப் பழசுங்களாண்ணா? டிக்கில வெச்சா நாறும். நாங்களே டிஸ்போஸ் பண்ணிக்கறோம்" என்றிருந்தார்கள். நானும் நல்லதாகப் போயிற்று என்று விட்டிருந்தேன். பெரியவர் சிரித்தார். அதில் இருப்பது பிளாட்டினம், பலேடியம், ரோடியம். 2021இல் ரோடியம் அவுன்ஸ் 29,000 டாலரைத் தொட்டது, அப்போதைய தங்க விலையைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல். பிறகு வெகுவாக இறங்கிவிட்டது என்றாலும், கம்பெனி கேட்-கானைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கிற முட்டாள் இந்தத் தொழிலில் யாரும் இல்லை, என்னைப்போன்ற வாடிக்கையாளரைத் தவிர. உக்கடத்தில் ஒரு ஸ்கிராப் வியாபாரியிடம் இந்த மாடலைச் சொல்லி விசாரித்தேன். பொருளைப் பார்க்காமலே 25,000இல் பேச்சை ஆரம்பித்தார்.

கணக்கு புரிகிறதா? இல்லாத கேட்டுக்கு 65,000 வாங்கினார்கள். இருந்த கேட்டையும் எடுத்துக்கொண்டார்கள். என் வண்டியிலிருந்து வெளியே போனது உள்ளே வந்ததைவிட மதிப்பானது. டைனோ, மேப், பாலிஷ் எல்லாம் அந்த இரண்டு நிமிட வேலையைச் சுற்றிக் கட்டிய திருவிழாப் பந்தல்.

அறுத்த டப்பாவை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனேன். முதலில் "சப்ளையர் ஏமாத்திட்டானுங்ணா, எங்களுக்கே தெரியாது" என்றார். சரி, பழசைக் கொடுங்கள் என்றேன். அதற்குச் சப்ளையரைக் காட்ட முடியாதல்லவா? கொஞ்சம் மௌனம். அப்புறம் குரல் மாறியது. "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்ணா. கேட்-கானைக் கழட்டி ஓட்டுனேன்னு நீங்கதான் அங்க சொல்லோணும்." பில் என்று என்னிடம் இருந்தது "எக்ஸாஸ்ட் வேலை" என்று கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, பொருளின் பெயர் இல்லை. பணமும் கம்பெனிக் கணக்குக்கு இல்லாமல் யாரோ ஒரு தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்தது. அந்தச் சீட்டில் "200 துளை உலோகக் கேட், பழைய பாகம் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தாலே வண்டவாளம் அன்றே தெரிந்திருக்கும். எழுதியிருக்கமாட்டார்கள், நானும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பேன்.

சத்தம் போட்டேன். அங்கே வண்டி விட்டிருந்த இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்து டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் உடனே குனிந்து தன் வண்டிக்கு அடியில் டார்ச் அடிக்க ஆரம்பித்தார். அது வேலை செய்தது. அன்றே 50,000 கணக்குக்கு வந்தது.

ஷோரூமில் புது டவுன்பைப் விலை விசாரித்தேன், ஒரு லட்சத்தைத் தாண்டியது. விபத்தில் முன்பக்கம் தப்பிய ஒரு ஆக்டேவியாவிலிருந்து கம்பெனிக் கேட்-கானோடு பழையது ஒன்றைப் பொள்ளாச்சிப் பெரியவர் 38,000க்குத் தேடிக்கொடுத்தார். கழற்றிய பொருளைப் பார்த்து, துளைகளை நானே எண்ணிவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். ஒரிஜினல் மேப்பையும் திரும்பப் போட்டாயிற்று. அதே வேனில் அதே பையன் சோதித்தான். இந்த முறை 0.02. போலோக்காரர்கள் தாண்டிப் போகட்டும்.

கேட்டுக்கு வாங்கிய 65,000மும் பழசுக்கான 25,000மும் சேர்த்தால் 90,000. கராஜ்காரர் மீதி 40,000த்தைத் தீபாவளிக்குள் போட்டுவிடுவதாகச் சொன்னார். பொங்கலும் முடிந்துவிட்டது.