அத்தைக்குப் புரை ஆபரேஷன்: நான் லென்ஸைப் பற்றிக் கேட்கவில்லை

அண்ணாநகர் பக்கம் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரி. குறையும் எழுதப்போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. போன மாதம் என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வலது கண்ணில் புரை எடுத்தது அங்கேதான். வயசு 71, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை.

என் அப்பாவுக்கு 2008-ல் வேறு ஊரில் இதே ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் கண்ணுக்குள் சீழ் பிடித்து, அந்தக் கண்ணில் பார்வையே போய்விட்டது. அன்றிலிருந்து யாருக்குப் புரை என்று கேட்டாலும் எனக்கு முதலில் கிருமிதான் நினைவுக்கு வரும்.

கவுன்சலிங் அறையில் முக்கால் மணி நேரம், புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பற்றித்தான் பேச்சு. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து மல்டிஃபோகல், சிலிண்டர் பவருக்கு டோரிக், வெளிநாட்டு லென்ஸ் என்று விலைப்பட்டியலை விரித்தார்கள். "கிருமி வராம இருக்க என்ன செய்வீங்க?" என்றேன். "அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் விலைக்கே போனார் அந்தப் பெண். அது எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா வேறு மாதிரி. அப்பா கதையைக் கேட்டுவிட்டு நிதானமாக விளக்கினார். ஆபரேஷனின்போது உள்ளே போகும் கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமையிலும் இமை முடியிலும் இருப்பதுதானாம். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன் 5 சதவீத போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைக் கண்ணில் விட்டு, குறைந்தது மூன்று நிமிஷம் காத்திருப்பார்கள். இமை முடி எட்டிப் பார்க்காதபடி ஒட்டும் பிளாஸ்டிக் போட்டு மூடுவார்கள். கடைசியில், லென்ஸ் வைத்து முடித்ததும், மாக்சிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்ணுக்குள்ளேயே செலுத்துவார்கள். அளவு 0.1 மில்லி, ஏறக்குறைய இரண்டு சொட்டுதான்.

அந்த இரண்டு சொட்டுக்கு இவ்வளவு பலன் உண்டு என்பது அப்பா காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். 2007-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில், செஃபுராக்சிம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை இப்படிக் கண்ணுக்குள் போடாதவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய 5 மடங்கு அதிகமாக இருந்தது. நம் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களின் கணக்கு 2017-ல் வெளியானது. மாக்சிஃப்ளாக்ஸசின் போடாதபோது 10,000 கண்ணில் 7-க்குத் தொற்று, போட்ட பிறகு 2-க்கு. அந்த ஏழில் ஒன்று எங்கள் வீட்டுக் கண்ணாக இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முன்தயாரிப்பிலும் குறை சொல்ல முடியாது. கண்ணீர் இறங்கும் வழியில் தண்ணீர் செலுத்தி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அங்கே சீழ் தங்கியிருந்தால் ஆபரேஷனே தள்ளிப்போகுமாம். அத்தைக்கு அடைப்பு இல்லை, ஆனால் சர்க்கரை ஏறியிருந்ததால் பத்து நாள் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்றே செய்து காசு வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆபரேஷன் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

குறை அதற்குப் பிறகுதான். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க இங்கிலீஷ். ஆன்டிபயாடிக் சொட்டு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு ஒன்று. ஸ்டீராய்டை வாரத்துக்கு வாரம் ஒரு வேளை குறைத்துக்கொண்டே வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷ இடைவெளி வேண்டும் என்பதைக்கூட மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அத்தை தானே பார்த்துப் போட்டுக்கொள்ளும்படி தமிழில் ஒரு அட்டவணை கொடுப்பதில் என்ன கஷ்டம்?

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குக் கண் சிவந்தது. எனக்குக் கை நடுங்கியது. அவசர எண்ணை மூன்றாம் முறை அழைத்தபோதுதான் எடுத்தார்கள். எடுத்த டாக்டர் சரியாகக் கேட்டார்: வலி ஏறுதா, காலையைவிடப் பார்வை மங்குதா, இமை வீங்கியிருக்கா? மூன்றுக்கும் "இல்லைங்க" என்றேன். அப்படியும், "காலை வரைக்கும் வெச்சிருக்காதீங்க, இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார். கொளத்தூரிலிருந்து கார் பிடித்து ஓடினோம். கிருமி இல்லை, உள்ளே லேசான வீக்கம் மட்டும். "ஸ்டீராய்டு பாட்டிலக் குலுக்கிட்டுப் போடறீங்களா?" என்று கேட்டார். குலுக்கவில்லை. மருந்து அடியில் படிந்து கிடக்க, மேல் தண்ணீரைத்தான் நான்கு நாளாகப் போட்டிருக்கிறேன். குலுக்க வேண்டும் என்று பாட்டிலில் எறும்பு மாதிரி எழுத்தில், அதுவும் இங்கிலீஷில் இருக்கிறது.

இப்போது அத்தை கண்ணாடி இல்லாமல் டிவியில் ஓடும் எழுத்தைப் படிக்கிறார். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று, தமிழில் சீட்டு இல்லாததற்கும், மூன்று தடவை அடித்த போனுக்கும். இடது கண்ணுக்குத் தை மாதம் அங்கேயே நாள் வாங்கியிருக்கிறோம். சொட்டு மருந்து அட்டவணையைத் தமிழில் நானே எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்து வரவேற்பில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.