ரீபோரா, புது பிளாக்கா? மழைக்காலத்தில் ஓர் ஆர்எக்ஸ் 100

ஐப்பசி பிறந்துவிட்டால் என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் மலை ஏறாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தாத டூ ஸ்ட்ரோக் வண்டியை அடைமழையில் அங்கே கொண்டுபோக எனக்கு மனம் வராது. தை வரை அது பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கும். பெரிய வேலைகளுக்கு அதுவே காலம்.

சென்ற மழைக்காலத்தில் கிக்கரை மிதித்தால் கால் தடையின்றி இறங்கியது, இன்ஜினில் அழுத்தமே இல்லை. பிஸ்டன் ஓடும் உருளையான பிளாக்கைக் கழற்றிப் பார்த்தால், உள்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். லேத்தில் உள்சுவரைக் கடைந்து, சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்; இதுதான் ரீபோர். அல்லது பிஸ்டனோடு வரும் புது பிளாக் செட்டை மாட்டலாம். நான் கடையக் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

புது செட்டை ஒரே மதியத்தில் மாட்டிவிடலாம். லேத்தில் காத்திருக்க வேண்டும். செலவு ரீபோருக்குக் குறைவு. இன்ஜின் எண் கிராங்க் கேஸில் இருப்பதால், ஆர்.சி. புத்தகத்துக்கு இரண்டாலும் சிக்கலில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது போர்ட். டூ ஸ்ட்ரோக்கில் ஃபோர் ஸ்ட்ரோக்கைப் போலத் தலைப்பகுதியில் வால்வு கிடையாது. பிளாக்கின் சுவரிலுள்ள போர்ட் என்ற துளைகள்தான் கலவை ஏறுவதையும் புகை வெளியேறுவதையும் தீர்மானிக்கின்றன. துளையின் உயரம் சிறிது மாறினாலும் இழுவை மாறிவிடும். 1996-உடன் உற்பத்தி நின்ற வண்டி இது. இப்போது கடையில் கிடைக்கும் செட்டுகளில் பல, வேறு யாரோ வார்த்தவை. நண்பருக்காக வாங்கிய ஒன்றைப் பழைய பிளாக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; புகை போர்ட்டின் விளிம்பு கண்ணுக்கே தெரியும்படி ஏறி இறங்கி இருந்தது. அந்த வண்டியைப் பழைய இழுவைக்குக் கொண்டுவர முடியவே இல்லை.

பழைய பிளாக்கைக் கடைந்தால் அளவு கூடும், போர்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் கடைபவர் டூ ஸ்ட்ரோக் அறிந்தவராக இருக்க வேண்டும். கோவை கணபதியில் நான் போன பட்டறைக்காரர், "பிஸ்டனைக் கொடுத்துவிட்டுப் போங்கள் தம்பி, அதை அளக்காமல் பிளாக்கைத் தொடமாட்டேன்" என்றார். கடைந்து முடித்ததும் ஒவ்வொரு போர்ட்டின் விளிம்பையும் சிறு கல்லால் தேய்த்து மழுக்கினார். என் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். அந்தக் கூர்மையை விட்டுவைத்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதில் மாட்டி ஒடியும்.

இந்த பிளாக்கின் அசல் உள்விட்டம் 50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் அதைவிட 0.25 முதல் 1.00 மி.மீ. வரை கூடுதலாக நான்கு படிகளில் வருகிறது. இப்போது என்னுடையது 0.50, இன்னும் இரண்டு முறை கடையலாம். அதற்குப் பிறகும் பிளாக்கின் உள்ளிருக்கும் லைனர் என்ற இரும்புக் குழாயை மாற்ற வழி உண்டு.

போர்ட்டுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய சுவர் விரிசல் விட்டிருந்தால் ரீபோர் வேண்டாம். அசல் பழைய பிளாக் எங்காவது அகப்பட்டால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு வால்வுகள் தலைப்பகுதியில் இருப்பதால் கம்பெனி செட்டே போதும் என்று நினைக்கிறேன்; என் கையால் செய்து பார்த்தது இந்த ஒரு வண்டிதான்.

பொங்கலுக்குப் பட்டறைகள் பூட்டிவிடும், கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள். புது பிஸ்டன் பழகட்டும் என்று மார்கழிக் காலைகளில் பொள்ளாச்சிச் சாலையில் பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் திருகாமல் 500 கி.மீ. ஓட்டினேன், பெட்ரோலில் கொஞ்சம் கூடுதலாக ஆயில் கலந்து. காணும் பொங்கலுக்கு மறுநாள் ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினேன். ஒன்பதாவது வளைவில் இரண்டாம் கியரிலேயே ஏறியது.